தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவை

அப்பாவைப் பற்றி எழுதேன் என்று அண்ணன் சொன்னபோது என் கையில் ஏற்கெனவே நிறைய இருந்தது. அவர் கடைசி சில வருடங்களில் பேசியதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், ஒரு நோட்டிலும் குறித்திருக்கிறேன். அவர் வாழ்க்கையோடு, அதை அவரிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்கினேன் என்பதையும் எழுதினால் வயதான அப்பா வீட்டில் இருக்கிற யாருக்காவது உதவும்.

அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளி. 1946இல் பிறந்தார். பத்து வயதில் தாத்தாவின் தறியில் கரை நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்) போட உட்கார்ந்தவர், எழுபது தாண்டியும் தறியை விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முன்கூடத்தில் தறிதான் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். குழிக்குள் இரண்டு கால், மிதியின் மேல் பாதம், தலைக்கு மேல் டிசைனுக்கான ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் தொங்கும். விருந்தாளி வந்தால் தறியை நிறுத்தாமலே "வாங்க, உக்காருங்க" என்பார். நாடாவின் சத்தம் நின்றால்தான் அவர் பேச்சில் முழு மனதோடு இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

நான் வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்ந்து ஊருக்கு அடிக்கடி வர ஆரம்பித்தபோது, ஒருநாள் போனை எதிரில் வைத்து, "அப்பா, சின்ன வயசுலேர்ந்து எல்லாத்தையும் சொல்லுங்க, பதிஞ்சு வெக்கிறேன்" என்றேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா இருக்குது சொல்றதுக்கு? நெய்ஞ்சேன். உங்கள வளத்தேன். கடவுள் புண்ணியத்துல கடன் இல்ல. போதுமா?" என்றுவிட்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் அன்றைய பதிவு.

அவர் வாயைத் திறந்தது வேறொரு சமயத்தில், தற்செயலாக. அம்மாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு அரக்கு நிறச் சேலை கைக்கு வந்தது, கரையில் தாழம்பூ ரேக்கு. "இது யாருக்கு நெய்ஞ்சதுப்பா?" என்று கேட்டேன். பிறகு அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்தப் பாவை (தறியில் நீளவாக்கில் கட்டும் நூலை) யார் கொடுத்தது, அந்த வருடம் மழை எப்படி, எந்த முதலாளி கூலியை இழுத்தடித்தார், என் பெரிய அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது எப்படி, சீருக்குச் சேலை வாங்கக் காசில்லாமல் மீந்த பட்டில் இதை நெய்தது எப்படி என்று ஒவ்வொன்றாக வந்தது. வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாதவரிடம் ஒரு சேலையைக் காட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் இவரிடம் பொருளைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

அதன்பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். பழைய ரேஷன் கார்டு, தாத்தாவின் தராசு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புத்தகம், பெயர் தெரியாத ஆட்கள் நிற்கும் கல்யாணப் போட்டோ. இன்னொன்றும் கண்டுகொண்டேன். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அப்பா கூச்சப்படுவார். கையில் வேலை இருந்தால், கண் அந்த வேலையில் இருந்தால், பேச்சு தானாக வரும். நெய்துகொண்டிருக்கும்போது பதிய முடியாது, தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் உருளை) சுற்றும்போதும், அறுந்த இழைகளை முடியும்போதும், பழைய பாவோடு புதுப் பாவை ஒவ்வொரு இழையாகப் பிணைக்கும்போதும்தான் நல்ல நேரம். பாவு பிணைப்பது நாள் முழுக்க நீளும் வேலை. விரல் இயங்கிக்கொண்டே இருக்கும், வாய் சும்மா இருக்கும். உங்கள் அப்பா நெசவாளியாக இருக்க வேண்டியதில்லை. சமையற்காரராக இருந்தால் காய் நறுக்கும்போது கேளுங்கள், லாரி ஓட்டியவராக இருந்தால் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆனால் பதிகிறோம் என்பதை முதலிலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். பதிந்ததும் அன்று ராத்திரியே தேதி போட்டு, எதைப் பற்றிய பேச்சு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பெயரில்லாத ஒலிக்கோப்பு நூறு இருந்தாலும் பின்னால் யாரும் திறந்து கேட்கப் போவதில்லை.

அப்படிக் கேட்டதில்தான் கோர்வையின் கதை முழுதாகத் தெரிந்தது. அந்தக் கதைக்குள் நானே இருந்திருக்கிறேன்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனியாக வருவதற்குக் கோர்வை போட வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் (குறுக்கு நூல்) கரை ஊடையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சரியாகப் பிடித்த கோர்வையில் துணி கிழிந்தாலும் கரை தனியாகப் பிரியாது என்பார்கள். நெசவாளி ஒருவராக இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போட வேண்டும். எங்கள் சிறு வயதில் பல வீடுகளில் அந்த ஆள் ஒரு குழந்தை. முதலாளியிடமோ பெரிய தறிக்காரரிடமோ பெற்றவர்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்தப் பணம் கழியும்வரை பிள்ளை அந்தத் தறியில் உட்கார வேண்டும். கழியாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும், எங்கள் பக்கத்தில் சிறப்புப் பள்ளிகள் திறந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்ப இன்னும் பல வருடம் ஆயிற்று.

அண்ணனுக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கும் ஒரு முன்பணம் பேசினார்களாம். தாத்தாவுக்கு வைத்தியச் செலவு இருந்த சமயம். அப்பா வாங்கவில்லை. "நான் உக்காந்தேன், பையன் உக்கார வாணாம்னு தோணுச்சு. அவ்ளோதான், பெரிய கொள்கைலாம் இல்ல" என்றார். அதற்கு விலை உண்டு. அண்ணன் உட்காராத இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். அம்மா சமையலுக்கு எழுந்தால் தறி நிற்கும். மற்ற தறியில் மூன்று சேலை இறங்குகிற காலத்தில் எங்கள் தறியில் இரண்டுதான் இறங்கும். ஒரு பாவில் மூன்று சேலை, ஒரு சேலைக்குப் பதினைந்து இருபது நாள். பாவு முடிந்தால்தான் கணக்குத் தீர்த்துக் கூலி. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க இப்படித்தான் பணம் தள்ளிப் போயிருக்கிறது. பள்ளி விடுமுறையில் மட்டும் நான் அம்மா இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அது விளையாட்டு. ஊடையை அடித்து நெருக்கும் பலகை முன்னால் வருவதற்குள் நாடாவைத் தள்ளிவிட வேண்டும், விரல் நசுங்காமல். நான் வேகமாகப் போடுவேன், அப்பா "நிதானம், நிதானம்" என்பார். எங்களைப் பட்டம் வாங்க வைத்தது எது என்று யாராவது கேட்டால் அந்த வாங்காத முன்பணத்தைத்தான் சொல்வேன்.

அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்க ஒரே துணியின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் சண்டையெல்லாம் தறியில்தான். பேசாமல் இருப்பார்கள், வேலை மட்டும் நடக்கும். அன்றைக்குக் கரை கொஞ்சம் தளர்ந்துவிடும் என்பாள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

பக்தி விஷயத்தில் அப்பா அமைதியான ஆள். கிருத்திகைக்குக் கிருத்திகை குமரகோட்டம் போவார். காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் குமரகோட்டம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு நடுவில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற சோமாஸ்கந்தக் கோலத்தில் ஊரே அமைந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஐப்பசியில் சஷ்டி விரதம் இருப்பார், ஆனால் தறியை நிறுத்த மாட்டார். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்று தாத்தாவுக்குப் படையல், மதியம் தூக்கம், சாயந்திரம் ஒரு நடை. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் கருட சேவைக்கு வரும்போது தறியை மூடிவிட்டுச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு நடந்தே போவார். சைவக் குடும்பம், ஆனால் கருட சேவைக்கு அதெல்லாம் கிடையாது. காலையில் முதல் மிதி மிதிப்பதற்கு முன் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "என்ன வேண்டிக்குவீங்க?" என்று கேட்டதற்கு, "இழை அறக்கூடாதுன்னு" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை.

அத்தி வரதரைப் பற்றிச் சொல்லாமல் அப்பா கதை முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி மரப் பெருமாள் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருவார். 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவார். 1939இல் தாத்தா பார்த்தார். 1979இல் அப்பா, அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். 2019 ஜூலை முதல் தேதி மறுபடி திறந்தபோது அவருக்கு எழுபத்து மூன்று. ஊரே திணறியது, நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கூட்டம் வந்து குவிந்தது. ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நின்ற கோலம், 17ஆம் தேதியோடு முடிவு.

அப்பா போயே தீருவேன் என்றார். மூட்டு வலி, சர்க்கரை, வெயில். முதியவரைப் பெருங்கூட்டத்துக்குக் கூட்டிப் போவதென்றால் விழாவின் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது. நாள் ஆக ஆகக் கூட்டம் ஏறும், கடைசியில் தாங்காது. நாங்கள் ஜூலையிலேயே விடியற்காலையில் போனோம். மாத்திரை, ஒரு பொட்டலம் பிஸ்கட், தண்ணீர், அவர் சட்டைப் பையில் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய சீட்டு. இந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் எடுத்து எறியவில்லை. கூட்டத்தில் போன் எடுக்காது, கைபிடித்தவர் தவறிவிட்டால் அந்தச் சீட்டுதான் துணை.

வரிசை நகர்ந்து நகர்ந்து சன்னிதிக்கு முன் வந்தோம். நிற்க விடவில்லை, சில விநாடிதான். வெளியே வந்து நிழலில் உட்கார வைத்து, "நல்லா பார்த்தீங்களாப்பா?" என்றேன். "பாத்தேன். பட்டு நல்ல பட்டு. ஆனா கோர்வை இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருமாளைப் பார்க்கப் போய்ப் பட்டின் கரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் அவரே சொன்னார்: "எழுபத்தொம்பதுல வந்தப்ப, நானும் முதலாளியாவணும், சொந்தமா பாவு போட்டுப் பத்து தறி ஓட்டணும்னு வேண்டிக்கிட்டேன். ஆவல. ஆயிருந்தா கடன்ல போய்ட்டிருப்பேன், எத்தினி பேர் போனாங்க." கொஞ்சம் நேரம் கழித்து, "இதையும் அவருகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். அவர் பக்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் இதுதான் முக்கியமானது. கேட்டது கிடைக்காததற்கு நாற்பது வருடம் கழித்து வந்து கணக்குத் தீர்த்துவிட்டுப் போன ஆள்.

வேலையிலும் அதே கணக்குத்தான். முதலாளியோ சங்கமோ பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கும். ஜரிகை மார்க் கணக்கில் வரும், ஒரு மார்க் சுமார் 240 கிராம். சேலை இறங்கியதும் எடை பார்ப்பார்கள், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். இந்த எடைக்குள் விளையாட வழி உண்டு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பா மீந்த ஜரிகையைத் துண்டு துண்டாகக் கூடக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுப்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருக்காது. "அது அவங்க பொருளு" என்பதோடு முடித்துவிடுவார். அத்தை கல்யாணச் சீருக்கு மீந்த பட்டு என்று முன்னால் சொன்னேனே, அதுகூட விலை கொடுத்து வாங்கியதுதான்.

நல்ல ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அது அசல் ஜரிகை இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டுப் பாருங்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கரை போட்ட பட்டுச் சேலையை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கிறது. அப்பா ஏதாவது கல்யாணத்துக்குப் போனால் மணமேடையைப் பார்க்க மாட்டார், வந்தவர்களின் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அவமானமாக இருக்கும்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது கால். சர்க்கரை உள்ளவர் செருப்பில்லாமல் குழிக்குள் மிதித்துக்கொண்டிருப்பார், சின்ன வெட்டு பட்டால் உணர்ச்சியே இருக்காது. மழைக்காலத்தில் குழியில் ஊற்றுத் தண்ணீர் வேறு. 2015 நவம்பர், டிசம்பரில் எங்கள் தெருவில் பல குழிகள் கிணறாகிவிட்டன. ஒருமுறை அப்பாவின் பாதத்தில் புண் ஏறியிருந்ததை அம்மாதான் பார்த்தாள், அவருக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை ஆறியது. அதன்பிறகு ராத்திரி படுக்கும் முன் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு உட்பட, யாராவது பார்ப்பது என்று வழக்கம் வைத்தோம். பேத்திக்கு அந்த வேலை. தாத்தாவுக்குக் கூச்சம், பேத்திக்கு விளையாட்டு.

இரண்டாவது கண். கொஞ்சகாலம் மயில் கழுத்து நிறத்தையும் பச்சையையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகி மறதி வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கண்புரைதான் காரணம். புரை விழுந்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும், நீலம் முதலில் மங்கிப்போகும். அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு வீட்டுக்கு வந்து பட்டு நூலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீலம் இவ்ளோ நீலமா?" என்றார். பெரியவர் நிறம் மாற்றிச் சொன்னாலோ, படியில் தடுமாறினாலோ முதலில் கண்ணைக் காட்டுங்கள். மனதில் கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அது எளிய வேலை.

இனிக் காகித வேலை. இதை எழுத யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் அப்பா இறந்தபின் எங்களை அலைய வைக்காமல் காப்பாற்றியது இதுதான்.

அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, சங்கத்து உறுப்பினர் பதிவில் இன்னொரு மாதிரி இருந்தது. முதலெழுத்து ஓரிடத்தில் தமிழில், ஓரிடத்தில் ஆங்கிலத்தில், ஓரிடத்தில் இல்லவே இல்லை. பிறந்த தேதி மூன்று. அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அவர் உயிரோடு இருக்கும்போதே ஆதாரைச் சரிசெய்து, அதை வைத்து வங்கிப் புத்தகத்தையும் சங்கத்துப் பதிவையும் ஒன்றாக்கினோம். ஆள் நேரில் வந்து கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் ஒரு நாளில் முடிகிற வேலை, அவர் போனபின் மாதக்கணக்கில் இழுக்கும். அதோடு எங்கெங்கே கணக்கு இருக்கிறது, சங்கத்தில் பங்கு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். இதையும் நேரடியாகக் கேட்கவில்லை. சங்கத்துப் பாஸ்புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இந்தப் பிடித்தம் எதுக்குப்பா?" என்று ஆரம்பித்தேன். கடைசியில் ஓர் ஆச்சரியம் வந்தது: தெருவில் ஒரு நெசவாளிக்குக் கொரோனா ஊரடங்கில் ஒரு தொகை கொடுத்திருந்தார், எங்களுக்குத் தெரியாது. "அது வராது. கேக்காதீங்க" என்று எழுதச் சொன்னார். எழுதினோம், கேட்கவில்லை.

2022 மாசியில் அப்பா போனார். சில நாள் படுக்கை, அதிகம் சிரமப்படவில்லை. வீட்டில் நடந்த இறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் பதிந்துவிடுங்கள். தாண்டினால் கட்டணம், விளக்கம் என்று கூடிக்கொண்டே போகும். இறப்புச் சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார். அதில் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவர், எல்லோர் பெயரும் வர வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதுவது இன்றும் நடக்கிறது. எங்கள் விண்ணப்பத்தை எழுதித் தந்தவரும் இயல்பாக அண்ணன் பெயரை மட்டும் எழுதினார். அண்ணன்தான், "தங்கச்சி பேர எழுதுங்க, அவ இல்லாம இது செல்லாது" என்றான். நாமினி என்று வங்கியில் எழுதியிருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்தான், அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. இதைத் தெரியாமல் பல வீட்டில் பேச்சு நின்றுபோயிருக்கிறது. காரியம் நடக்கிற பதினாறு நாளுக்குள் இதைப் பேச வேண்டாம், ஆனால் அதற்குப் பிறகு தள்ளவும் வேண்டாம்.

தறியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று உறவில் பலர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு தினம் நடப்பவர்கள் இல்லை. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். மரச்சாமான்களையும் ஜக்கார்டு பெட்டியையும் பக்கத்துத் தெருவில் தனியாகத் தறி போட நினைத்திருந்த ஓர் இளைஞருக்குக் கொடுத்தோம், குழியை மூடித் தளம் போட்டோம். அம்மா இப்போது அந்த இடத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறாள், காற்று நன்றாக வருகிறதாம்.

நாங்கள் வைத்துக்கொண்டது ஒரு பட்டியல். அப்பா நெய்த சேலைகள் குடும்பத்தில் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் வாங்கி, நோட்டில் ஏற்றினோம். எந்த வருடம், யார் கல்யாணம், என்ன கரை. அப்பா குரலில் பதிந்தது ஏதாவது அந்தச் சேலையைப் பற்றி இருந்தால் அந்தக் கோப்பின் தேதி. கேட்கும்போதே பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அப்பா சொன்னது: பருத்தித் துணியில் சுற்றி வை, பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். சென்ட்டும் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடி. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். கம்பி ஹேங்கரில் தொங்கவிடாதே.

பட்டியலை அம்மாவிடம் படித்துக் காட்டினால் திருத்தம் வருகிறது. சித்தி பெண்ணின் கூறைப்புடவையில் ஒரு சாண் அளவுக்குக் கோர்வை தளர்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. "அன்னிக்கு அவருகூட நான் பேசல" என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

சில வரிகளில் சேலை இல்லை. பழைய பட்டுச் சேலை வாங்குவதாகத் தெருவில் கூவிக்கொண்டு வருபவர்களிடம் போட்டுவிட்டார்கள். அவர்கள் துணியை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். பெரிய அத்தை தன் மகன் கல்லூரிக் கட்டணத்துக்காக, கல்யாணத்துக்கு அப்பா நெய்து கொடுத்த இரண்டு சேலையில் ஒன்றை அப்படிப் போட்டாள். மற்றதுதான் அம்மா பீரோவில் இருந்த அந்த அரக்குச் சேலை. இதையாவது நீ வைத்துக்கொள் அண்ணி, என்னிடம் இருந்தால் இதுவும் போய்விடும் என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இதைப் போனில் எனக்குச் சொல்லும்போதும் அத்தை அழுதாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து பயந்து ஒரு தீபாவளிக்கு வந்து சொன்னாளாம். அப்பா கோபப்படவில்லை, தறியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. "வெள்ளி எத்தினி கிராம் வந்துச்சுன்னு சொன்னான்?" என்று மட்டும் கேட்டாராம். அத்தை சொன்ன எண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்குது, ஏமாத்தல" என்றாராம். நோட்டில் அந்தச் சேலைக்கும் ஒரு வரி உண்டு: மாம்பழ நிறம், அரக்குக் கரை, மயில் கண், ஜரிகைக்குப் போட்டது, எடை சரி.